அரசு முடிவைத் தொடும் மதிப்பீட்டாய்வு: பொது சுகாதாரத்தில் புதிதாக இறங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையிலிருந்தோ சமூகப்பணிப் படிப்பிலிருந்தோ புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கையில் வினாத்தாளுடன்தான் வருகிறார்கள். 60 கேள்விகள், அழகான அட்டை, கைப்பேசிச் செயலியில் ஏற்றத் தயார். "இந்த ஆய்வின் விடையை வைத்து யார் என்ன செய்யப்போகிறார்கள்?" என்று கேட்டால் மட்டும் அமைதி. பின்னால் வரும் தடுமாற்றங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

ஒரு திட்டம் பயன் தருகிறதா என்று பார்க்கும் மதிப்பீட்டாய்வின் படிகளை அவை நடக்க வேண்டிய வரிசையில் எழுதியிருக்கிறேன். பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை கொண்டுபோகிறேன்: வீடு தேடி ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் தரும் சேவை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த வகையைச் சேர்ந்தது. உங்கள் ஆய்வு தடுப்பூசியைப் பற்றியதோ பிரசவத்தைப் பற்றியதோ, படிகள் மாறாது.

தொடங்கும் முன் மூன்று கையில் இருக்கட்டும். திட்டத்தின் அரசாணையும் செயல்பாட்டு நெறிமுறையும்; ஒரு துணை சுகாதார நிலையத்தின் கடந்த ஆறு மாதப் பதிவேடுகளின் நகல்; நீங்களே களத்தில் சும்மா சுற்றிய இரண்டு நாள். மூன்றாவதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள்.

1. எந்த முடிவு, யாருடைய முடிவு, எந்தத் தேதி

ஒரு தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: "இந்த ஆய்வின் விடை 'அ' என்றால் இன்னார் இதைச் செய்வார், 'ஆ' என்றால் அதைச் செய்வார்." எழுத வரவில்லை என்றால் ஆய்வைத் தொடங்காதீர்கள். அந்த அதிகாரியிடம் திரும்பிப் போய்க் கேளுங்கள்.

"திட்டம் நன்றாக நடக்கிறதா?" என்ற கேள்விக்கு எந்த விடை வந்தாலும் யாருடைய மேசையிலும் எதுவும் நகராது. "ஒரு மாத மாத்திரைக்குப் பதில் இரண்டு மாத மாத்திரை தரலாமா?" என்பதற்கு விடை கிடைத்தால் கொள்முதலும் மாறும், வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலரின் நடையும் மாறும்.

சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வை இதற்கு முன்மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் மருத்துவமனைப் படுக்கைகள் எந்த மூலைக்கும் போதாத நிலை. கேட்ட கேள்வி ஒன்றுதான்: வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில், கொடுப்பதற்கு நிகராகக் குணமாகுமா? 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஓராண்டு சிகிச்சை தந்து பார்த்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவு, ஓய்வு, எடையும் கூடியது. நோய் குணமானதில் மட்டும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. வீட்டில் சிகிச்சை வேண்டாம் என்றவர்களின் பயம், வீட்டில் உள்ள மற்றவர்களுக்குத் தொற்றும் என்பது. ஆய்வாளர்கள் அதையும் அளந்தார்கள். வீட்டுச் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாரிடம் நோய் கூடுதலாக வரவில்லை. இதை அளக்காமல் விட்டிருந்தால், "குணமாகலாம், ஆனால் குழந்தைகளுக்குத் தொற்றினால்?" என்ற ஒற்றைக் கேள்வியில் 1959இல் வெளியான அவர்களின் அறிக்கை அப்படியே நின்றுபோயிருக்கும். ஆகவே உங்கள் தாளில் இரண்டாவது வாக்கியமும் எழுதுங்கள்: இந்த மாற்றத்தை எதிர்ப்பவர் முதலில் எதைச் சொல்லி எதிர்ப்பார்? அதுவும் உங்கள் அளவைகளில் ஒன்று.

தேதி விஷயத்தில் நான் பட்டது ஒன்றைச் சொல்கிறேன். என் முதல் ஆய்வறிக்கையை ஏப்ரலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த ஆண்டுக்கான முன்மொழிவு அந்த அலுவலகத்திலிருந்து ஜனவரியிலேயே கிளம்பிவிட்டது. ஆய்வைக் கேட்ட அதிகாரியும் மாறுதலில் போய்விட்டார். புதியவர் மரியாதையாக வாங்கிக் கண்ணாடி பீரோவில் வைத்தார். மாநில பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். துறைகள் கணக்குப் போடுவது அதற்குப் பல மாதங்கள் முன்பே. அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி உங்கள் கால அட்டவணையைப் போடுங்கள். ஆறு மாத ஆய்வுக்கு நேரமில்லை என்றால் இரண்டு மாதத்தில் முடியும் சிறிய கேள்வியை எடுங்கள். தாமதமாக வரும் பெரிய விடையைவிட நேரத்துக்கு வரும் சின்ன விடை மேல்.

2. மாத்திரை எந்த வழியாக ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று வரைந்து பாருங்கள்

வேதியியலைச் சொல்லவில்லை. கிடங்கிலிருந்து மாத்திரை கிளம்புகிறது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறது, துணை சுகாதார நிலையத்துக்குப் போகிறது, பெண் சுகாதாரத் தன்னார்வலர் எடுத்துப்போகிறார், வீட்டில் ஆள் இருக்கிறார், வாங்குகிறார், விழுங்குகிறார், தினமும் விழுங்குகிறார், அழுத்தம் குறைகிறது. ஒவ்வொன்றும் ஒரு கண்ணி. ஒவ்வொரு கண்ணியிலும் எது அறுந்துபோகலாம் என்று பக்கத்தில் குறியுங்கள்.

இதைச் செய்யாதவர்கள் முதல் கண்ணியையும் கடைசிக் கண்ணியையும் மட்டும் அளக்கிறார்கள். அழுத்தம் குறையவில்லை என்று கண்டுபிடித்து, "திட்டம் தோல்வி" என்று எழுதுகிறார்கள். மாத்திரை வரவே இல்லையா, வந்தும் விழுங்கவில்லையா, விழுங்கியும் அளவு போதவில்லையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூன்றுக்கும் மருந்து வேறு: முதலாவது கொள்முதல் சிக்கல், இரண்டாவது ஆலோசனைச் சிக்கல், மூன்றாவது மருத்துவர் மருந்தளவை உயர்த்தாத சிக்கல்.

சங்கிலியின் நடுவில் நின்றுவிடுவதும் தவறு. மருத்துவமனையில் பிரசவித்தால் பணம் தரும் மத்திய அரசின் ஜனனி சுரக்ஷா யோஜனா 2005இல் வந்த பிறகு மருத்துவமனைப் பிரசவங்கள் வெகுவாகக் கூடின, அதில் சந்தேகமில்லை. ஆனால் பின்னால் வந்த சில ஆய்வுகள், அந்த உயர்வுக்கு ஈடாகத் தாய் சேய் இறப்பு குறைந்ததற்கான சான்றைக் காண முடியவில்லை என்றன. ஆள் மருத்துவமனை வாசலுக்கு வந்துவிட்டார். உள்ளே கிடைத்த கவனிப்பு அடுத்த கண்ணி.

3. கேள்வியை ஓர் எண்ணாக்குங்கள். அந்த எண்ணின் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

புதியவர்கள் அதிகம் விழும் குழி இது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு வட்டாரத்தில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 1,000 பேர் என்று வையுங்கள். அவர்களில் 450 பேருக்குத்தான் தமக்கு அது இருப்பது தெரியும். 300 பேர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். 150 பேருக்கு அழுத்தம் 140/90க்குக் கீழே இருக்கிறது. கட்டுப்பாட்டு விழுக்காடு எவ்வளவு?

மாத்திரை சாப்பிடுபவர்களில் என்றால் 50. நோய் இருப்பது தெரிந்தவர்களில் என்றால் 33. எல்லா நோயாளிகளிலும் என்றால் 15. மூன்றும் சரியான கணக்கு. மேலே இருக்கும் 150 அசையவே இல்லை. கீழ் எண் மட்டும் மாறுகிறது.

திட்ட அலுவலகம் 50ஐ விரும்பும், ஏனென்றால் அதன் பதிவேட்டில் இருப்பவர்கள் மாத்திரை வாங்குபவர்கள் மட்டுமே. வெளியிலிருந்து குறை சொல்ல வருபவர் 15ஐ எடுப்பார். நீங்கள் எதை எடுப்பது என்பது முதல் படியில் எழுதிய முடிவைப் பொறுத்தது. மருந்தளவை உயர்த்தும் அதிகாரத்தைச் செவிலியருக்குத் தருவதா என்பது முடிவானால் 50தான் வேண்டிய எண். புதிதாக வீடு வீடாகப் பரிசோதனை நடத்துவதா என்பது முடிவானால் 450க்கும் 1,000க்கும் உள்ள இடைவெளிதான் பேச வேண்டியது.

அறிக்கையில் மூன்றையும் ஒரே படத்தில், படிக்கட்டு போல, அடுத்தடுத்து வைத்துவிடுங்கள். எந்தப் படியில் அதிகம் பேர் உதிர்கிறார்கள் என்று கூட்ட அறையில் இருப்பவர் பத்து நொடியில் கண்டுகொள்வார். இந்தப் படம் இல்லாமல் "கட்டுப்பாடு 50 விழுக்காடு" என்று மட்டும் எழுதிய அறிக்கையைக் கண்டால் நான் மேலே படிப்பதில்லை.

எந்த அளவுக்குக் கீழே இருந்தால் 'கட்டுப்பாடு', எத்தனை முறை அளந்து, எந்த அளவீட்டை எடுத்துக்கொள்வது, எத்தனை நாள் விடாமல் சாப்பிட்டால் 'சாப்பிடுகிறார்': எல்லாவற்றையும் தரவு எடுக்கும் முன்பே எழுதித் தேதி போட்டு வையுங்கள். தரவைப் பார்த்த பிறகு வரையறை எழுதுவது, கல்யாணம் முடிந்த பிறகு பொருத்தம் பார்ப்பது போல. எப்போதும் பொருந்தும்.

4. திட்டம் இல்லாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மதிப்பீட்டின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. திட்டத்துக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு, ஆகவே திட்டத்தால் இவ்வளவு என்று எழுதுவது மிகச் சுலபம். பெரும்பாலும் தப்பு.

தமிழ்நாட்டில் 2020இல் நடந்த தொற்றாநோய்க் கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கே அது கட்டுப்பாட்டில் இருந்தது. சர்க்கரை நோயில் 10.8 விழுக்காடு. வீடு தேடிப் போகும் சேவைக்கான வாதத்துக்கு வலுச் சேர்த்த எண்கள் இவை. 2023-24இல் மீண்டும் அளந்தபோது முறையே 17, 16.7. நல்ல உயர்வு. ஆனால் இந்த இரண்டு புள்ளிகளை மட்டும் வைத்து முழு உயர்வையும் திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. முதல் கணக்கெடுப்பு கொரோனா ஆண்டில் நடந்தது. இடையில் தனியார் மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் சும்மா இருக்கவில்லை. உயர்வு உண்மை; யாரால் எவ்வளவு என்பதற்கு வேறு வடிவமைப்பு வேண்டும்.

இன்னொரு பொறி உண்டு, இதைக் கண்ணால் பார்க்க முடியாது. முகாமில் ஒரே நாள் அளந்து, அழுத்தம் அதிகமாக இருந்த 100 பேரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அடுத்த மாதம் அதே 100 பேரை அளந்தால் சராசரி குறைந்திருக்கும். மாத்திரையே கொடுக்காவிட்டாலும் குறைந்திருக்கும். முகாம் நாளில் வெயிலில் நடந்து வந்தவர், பதற்றத்தில் இருந்தவர், முந்தின இரவு தூங்காதவர் எல்லாம் அந்த 100இல் இருப்பார்கள். உச்சத்தில் இருக்கும்போது பிடித்தவர்கள் தானாகவே இறங்குவார்கள். "எங்கள் முகாமால் 12 புள்ளி குறைந்தது" என்று சொல்லும் பல அறிக்கைகளில் எத்தனை புள்ளி இந்த வகை என்பது எழுதியவருக்கே தெரியாது.

என்ன செய்வது? ஒப்பிட ஒரு கூட்டம் வேண்டும். சிறந்தது குலுக்கல். "ஏழைகளுக்குத் தருவதைக் குலுக்கலில் எப்படி மறுப்பது?" என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரண்டு வழிகள் நடைமுறையில் வேலை செய்திருக்கின்றன.

ஒன்று, படிப்படியான விரிவாக்கம். எல்லா ஊருக்கும் ஒரே நாளில் போகப் பணமும் ஆளும் எந்த அரசிடமும் கிடையாது. யார் முதலில், யார் பிறகு என்பதைக் குலுக்கலில் தீர்மானித்தால், பிறகு வரப்போகிறவர்களே ஒப்பீட்டுக் கூட்டம். மெக்சிகோவின் 'புரொக்ரேசா' திட்டத்தில் 506 ஊர்களில் 320 முதலில் சேர்ந்தன, மீதி 186 பிறகு. பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் போனால் தாய்மார்களிடம் பணம் தரும் திட்டம் அது. 2000இல் அங்கே ஆட்சி மாறியபோது பெயர் மாறியதே தவிர திட்டம் நிற்கவில்லை. கையில் நம்பத்தகுந்த மதிப்பீடு இருந்தது அதற்கு ஒரு காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

இன்னொன்று, இரு தரப்புக்கும் அடிப்படையைக் கொடுத்துவிட்டுக் கூடுதலாகத் தருவதை மட்டும் சோதிப்பது. ஜார்க்கண்டில் 2019இல் தொடங்கிய காசநோய் ஊட்டச்சத்து ஆய்வில் 2,800 நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள்கள் போயின. வேறுபாடு அவர்களின் குடும்பத்தார் 10,345 பேரிடம்தான்: ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அந்தக் குடும்பத்தாரிடம் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. தொற்றும் வகை நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு. முடிவுகள் 2023 ஆகஸ்டில் வெளியாயின. 2024 நவம்பர் முதல் நோயாளிக்கான மத்திய அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. நன்கொடையாளர்கள் தரும் உணவுத் தொகுப்பு குடும்பத்தாருக்கும் விரிந்தது.

குலுக்கலுக்கு வழியே இல்லை என்றால், திட்டம் இன்னும் வராத பக்கத்து வட்டாரத்தை எடுத்து இரு இடத்திலும் முன்னும் பின்னும் அளந்து, மாற்றங்களின் வேறுபாட்டைப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால், "மாற்றம் நடந்தது, அது திட்டத்தால்தான் என்று சொல்ல இந்த ஆய்வால் இயலாது" என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். 40ஆம் பக்கத்தில் 'வரம்புகள்' என்ற தலைப்புக்கு அடியில் புதைக்க வேண்டாம்.

5. அனுமதிகள்

இங்கே புத்திசாலித்தனம் எதுவும் தேவையில்லை. சீக்கிரம் தொடங்கினால் போதும். ஆய்வால் யாருக்கும் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி, மாவட்ட சுகாதார அலுவலருக்கும் வட்டார மருத்துவ அலுவலருக்கும் அதன் நகல். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். வடிவமைப்பு முடிந்த அன்றே விண்ணப்பியுங்கள்.

ஒப்புதல் படிவத்தைக் கிராமத்துப் பாட்டிக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள். 'பங்கேற்பாளர்', 'தன்னிச்சையான' என்ற சொற்களைக் கேட்டதும் கைநாட்டு வைக்க விரலை நீட்டிவிடுவார்கள். அது ஒப்புதல் ஆகாது. பரிசோதனையில் ஒருவருக்கு ஆபத்தான அளவில் அழுத்தம் இருந்தால் அன்றே அவரை எங்கே அனுப்புவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். களத்தில் நின்று தொலைபேசியில் யோசிக்கக் கூடாது.

6. எத்தனை பேர், எந்த வீடு, எந்த நேரம்

384 என்ற எண்ணை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். விழுக்காடு 50 என்று வைத்து, ஐந்து புள்ளி முன்பின் பிழையை ஏற்றால் வரும் மாதிரி அளவு அது. எங்கிருந்து வந்தது என்பது மறந்துபோனதால் மூன்று இடத்தில் சறுக்குகிறார்கள்.

முதலாவது, ஊர் ஊராகத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரைப் போல் ஒருவர் இருப்பார்கள். அதற்கு ஈடாக இரண்டால் பெருக்கினால் 768. பத்தில் ஒருவர் கிடைக்கமாட்டார் என்று வைத்தால் 854. முப்பது ஊர் என்றால் ஊருக்கு 29 பேர்.

இரண்டாவது இன்னும் பெரியது. இந்த 854 பேரும் யார்? உங்கள் கேள்வி உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களைப் பற்றியது என்றால், 854 நோயாளிகள் வேண்டும். பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு அது இருந்தால், ஏறக்குறைய 3,400 பேரை அளக்க வேண்டும். ஆறு களப்பணியாளர், மூன்று வாரம் என்று போட்ட பட்ஜெட் இங்கேதான் கிழிகிறது. பணம் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

மூன்றாவது, இரண்டு பகுதிகளை ஒப்பிடும் ஆய்வுக்கு இந்த எண் பொருந்தவே பொருந்தாது. எவ்வளவு வேறுபாட்டைக் கண்டுபிடிக்க விரும்புகிறீர்கள் என்பதிலிருந்து தனியாகக் கணக்கிட வேண்டும். புள்ளியியல் தெரிந்தவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஆய்வு முடிந்த பிறகு அல்ல, இப்போது.

எண் கிடைத்தாயிற்று. அடுத்தது நேரம். காலை பத்து மணிக்குக் கிராமத்துக்குப் போனால் வீட்டில் யார் இருப்பார்கள்? நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் இருக்க மாட்டார்கள். பனியன் கம்பெனி வேனில் ஏறியவர்களும் இருக்க மாட்டார்கள். நாற்பது வயது ஆண்களைப் பார்ப்பதே அரிது. இருப்பவர்கள் முதியவர்கள், தன்னார்வலர் வரும்போதும் வீட்டில் இருப்பவர்கள் அவர்களே. ஆக, சேவை யாரை எட்டுகிறதோ அவர்களையே நீங்களும் எட்டி, "சேவை எல்லோரையும் எட்டுகிறது" என்று எழுதிவிடுவீர்கள்.

பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு என்ற பழக்கத்தையும் அன்றே நிறுத்துங்கள். பூட்டிய வீடுதான் உங்களுக்கு வேண்டிய வீடு. மூன்று முறை போக வேண்டும், அதில் ஒன்று மாலை ஆறுக்குப் பிறகு, ஒன்று ஞாயிறு. மூன்றாவது முறையும் பூட்டியிருந்தால் 'கிடைக்கவில்லை' என்று எழுதுங்கள். அந்த எண்ணிக்கையும் ஒரு தரவு.

7. அளக்கும் கையைச் சோதியுங்கள்

ஒரு துணை சுகாதார நிலையத்தில் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 130/80, 140/90, 120/80, 130/80, 150/90. பக்கத்துக்குப் பக்கம் எல்லாமே சுழியில் முடிந்தன. பாதரசக் கருவி என்றால்கூட ஓரளவு புரிந்துகொள்ளலாம். காது கேட்பதைப் பக்கத்துப் பத்துக்கு மாற்றுவது பழைய பழக்கம். அங்கே இருந்தது எண்ணைத் தானே காட்டும் மின்னணுக் கருவி. அது 137 என்றும் காட்டும், 84 என்றும் காட்டும். சுழி வருவது பத்தில் ஒரு முறைதான்.

தன்னார்வலரிடம் குற்றம் கண்டுபிடிக்கும் குரலில் கேட்டிருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. "அக்கா, இந்தக் கருவி எப்படி, தொந்தரவு இல்லாமல் ஓடுகிறதா?" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பேட்டரி போய் மூன்று மாதம் ஆகிறது சார். கேட்டால் வருகிறது வருகிறது என்கிறார்கள். மாதக் கணக்கில் கட்டம் காலியாக இருந்தால் திட்டு விழும்" என்றார். பதிவேட்டு எண்களை வைத்து அந்த மாவட்டத்தில் நடக்கவிருந்த ஒரு பகுப்பாய்வை அன்று மாலையே நிறுத்தச் சொன்னோம்.

இதிலிருந்து செய்ய வேண்டியது: இருக்கும் தரவைப் பயன்படுத்தும் முன், கடைசி இலக்கங்களை எண்ணிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. சுழி பத்தில் மூன்றுக்கு மேல் வந்தால் அந்தத் தரவை நம்பி எதையும் கட்டாதீர்கள்.

உங்கள் குழு அளக்கும்போது, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, முதுகுக்குச் சாய்வு கொடுத்து, கையை இதய மட்டத்தில் வைத்து, பேசவிடாமல், குறைந்தது இரண்டு முறை அளக்க வேண்டும். பருத்த கைக்குப் பெரிய பட்டை தனியாக வேண்டும்; சின்னப் பட்டையைக் கட்டினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பயிற்சி நாளில் எல்லோரும் சரியாகச் செய்வார்கள். மூன்றாவது வாரத்தில் சொல்லாமல் போய்ப் பாருங்கள்.

8. 'ஏன்' என்பதற்குக் காது கொடுங்கள்

எண்கள் எந்தக் கண்ணி அறுந்தது என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. பதினைந்து, இருபது பேரிடம் நிதானமாகப் பேசினால் போதும். 200 பேரிடம் ஓடி ஓடிக் கேட்க வேண்டாம். தன்னார்வலர், கிராம சுகாதாரச் செவிலியர், மருந்தாளுநர், மாத்திரையை நிறுத்தியவர்கள். கடைசியாகச் சொன்னவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

"மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆம் என்பார்கள். "மாத்திரை அட்டையைக் கொஞ்சம் காட்டுங்கள் அம்மா" என்று கேளுங்கள். ஒரு வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து மஞ்சள் பையை எடுத்துக் கொட்டினார்கள்: பிரிக்காத பதினோரு அட்டை. சாப்பிட்டால் தலை சுற்றுகிறது என்று நிறுத்தியிருந்தார். தன்னார்வலரின் மனம் நோகும் என்று வாங்க மட்டும் மறுக்கவில்லை. திட்டத்தின் கணக்கில் அவர் தவறாமல் மருந்து பெறும் பயனாளி. முப்பது வீட்டில் அட்டைகளை எண்ணியதில் தெரிந்தது எங்கள் 60 கேள்விகளிலும் தெரியவில்லை.

பேசும்போது மேலதிகாரி பக்கத்தில் இருக்கக் கூடாது. இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

9. பகுப்பாய்வு

தரவு வரும் முன்பே வெற்று அட்டவணைகளை வரைந்துவிடுங்கள்: தலைப்பு, வரிசை, நிரல் எல்லாம் இருக்கும், எண் மட்டும் இராது. அவற்றை முதல் படியில் பார்த்த அதிகாரியிடம் காட்டி, "இந்தக் கட்டம் நிரம்பினால் உங்களுக்கு உதவுமா?" என்று கேளுங்கள். உதவாத அட்டவணைகளை அப்போதே கிழித்துப் போடலாம். அவற்றுக்கான கேள்விகளும் வினாத்தாளிலிருந்து போய்விடும். அறுபது கேள்வி இருபத்திரண்டாகும்.

சராசரியோடு நிறுத்தாமல் ஆண், பெண், வயது, சாதிக் குடியிருப்பு, சாலையிலிருந்து தூரம் எனப் பிரித்துப் பாருங்கள். மாவட்டச் சராசரி ஏறும்போது காலனித் தெருவில் ஒன்றுமே நடக்காமல் இருக்கலாம். ஆனால் பிரிவுகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள். நாற்பது விதமாகப் பிரித்தால் ஏதாவது ஒன்றில் தற்செயலாக 'வெற்றி' தென்படும்.

10. விரும்பாத விடை வந்தால்

வரும். அப்போது இரண்டு பக்கமும் இழுப்பார்கள்: "வெளியிட வேண்டாம்" என்று ஒரு பக்கம், "திட்டத்தையே நிறுத்து" என்று மறுபக்கம்.

செங்கல்பட்டில் 1968இல் தொடங்கிய, காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசி ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஆய்வு. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்பது முடிவு. யாரும் எதிர்பார்க்கவில்லை, மறைக்கவும் இல்லை. அதே நேரம் குழந்தைகளுக்குப் போடுவது நிறுத்தப்படவும் இல்லை. குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் போன்ற கடும் வகைகளுக்கு எதிராக அது பயன் தருகிறது என்பதற்கு வேறு சான்றுகள் இருந்தன. செங்கல்பட்டு ஆய்வு கேட்ட கேள்வி அதுவல்ல. இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறார்கள்.

எனவே விரும்பாத விடையை எழுதும்போது மூன்றைப் பிரித்து எழுதுங்கள்: எது பயன் தரவில்லை, யாருக்குப் பயன் தரவில்லை, எந்தக் கேள்வியை இந்த ஆய்வு தொடவே இல்லை. நெறிமுறைப்படி நடக்காததால் பயன் இல்லையா, நடந்தும் பயன் இல்லையா என்பதையும் சொல்லுங்கள். இரண்டாவது படியில் வரைந்த சங்கிலி இங்கேதான் கைகொடுக்கும்.

11. முதலில் களத்துக்கு, பிறகு கோட்டைக்கு

அறிக்கை முடிவாகும் முன், வட்டார அளவில் செவிலியர்களையும் தன்னார்வலர்களையும் உட்கார வைத்து முடிவுகளைக் காட்டுங்கள். நன்றிக்காக மட்டும் அல்ல. நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டதை அவர்கள் பத்து நிமிடத்தில் திருத்துவார்கள். மேலும், தங்கள் வேலையைப் பற்றிய செய்தியை நாளிதழில் முதன்முதலாகப் படிக்கும் ஊழியர் அடுத்த ஆய்வுக்குக் கதவைத் திறக்கமாட்டார்.

மேலே போகும் தாள் ஒரே பக்கம்தான். அதில் என்ன கண்டோம், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம், செய்யக்கூடியவை இரண்டோ மூன்றோ, ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு, எந்தத் தலைப்பில் அந்தச் செலவு, யாருடைய கையெழுத்து வேண்டும். 'விழிப்புணர்வை அதிகரிக்க வேண்டும்', 'ஒருங்கிணைப்பை வலுப்படுத்த வேண்டும்' என்ற வரிகளை அடித்துவிடுங்கள். அவற்றை எந்த எழுத்தரும் கோப்பாக்க முடியாது. "தலைச்சுற்றல் இருக்கிறதா என்ற ஒரு கேள்வியைத் தன்னார்வலரின் மாதப் படிவத்தில் சேர்க்க வேண்டும், ஆம் என்றால் துணை சுகாதார நிலையத்தின் இடைநிலை சுகாதாரப் பணியாளர் அந்த வாரமே பார்க்க வேண்டும்" என்று எழுதினால் கோப்பு நகரும்.

செலவை மறைக்காதீர்கள். நிதித்துறை கேட்கும் முதல் கேள்வி அதுதான். அதற்கு விடை இல்லாத பரிந்துரை அங்கேயே தங்கிவிடும்.

12. ஆணை வந்த பிறகு மீண்டும் போங்கள்

ஆணை வெளியானதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆறு மாதம் கழித்து, முதலில் போன அதே துணை சுகாதார நிலையங்களில் ஐந்துக்குப் போய்ப் பாருங்கள். ஆணையின் நகல் அங்கே இருக்கிறதா, செவிலியர் அதைப் படித்திருக்கிறாரா, மாற்றம் மாத்திரை அட்டை வரை வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இதற்கான பயணச் செலவை முதல் பட்ஜெட்டிலேயே போட்டு வையுங்கள். பிறகு யாரும் தரமாட்டார்கள்.

நாங்கள் போனபோது இரண்டு மாத மாத்திரை தரலாம் என்ற சுற்றறிக்கை சுவரில் ஒட்டியிருந்தது. மருந்தாளுநர் ஒரு மாதத்துக்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டால், மாதாந்திரத் தேவைப் பட்டியலை எடுத்துக் காட்டினார். ஓர் ஆளுக்கு முப்பது மாத்திரைக்கு மேல் எழுத அதில் கட்டம் இல்லை. அந்தப் படிவத்தை மாற்ற இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருந்தது.